முன்பின் தெரியாத ஆற்றுக்கு ஸ்டீல்ஹெட் பிடிக்கப் போகுமுன்

ஸ்டீல்ஹெட் மீன் பிடிக்கக் கிளம்புகிறவர்களில் பலர் முதலில் விடுப்புக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். அப்புறம் விடுதி, அதற்கப்புறம் பேர்பெற்ற ஏதோ ஓர் ஆறு. போய் இறங்கும் அன்று அந்த ஆறு காபி நிறத்தில் கரைபுரண்டு ஓடும். மூன்று நாளும் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். தண்ணீர் எந்த அளவில் ஓடினால் அந்த ஆற்றில் தூண்டில் போட முடியும் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். தேதியும் ஆறும் அதற்கு அடங்கித்தான் வர வேண்டும்.

ஸ்டீல்ஹெட் என்பது கடலுக்குப் போய்த் திரும்பும் வானவில் ட்ரவுட். நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கத்து ஓடைகளில் ஆங்கிலேயர் விட்டு வளர்த்ததும் இதே இனம்தான், கடலைப் பார்க்காத வகை. வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் இது கடலில் இரண்டு மூன்று ஆண்டு மேய்ந்து, சாதாரணமாக 3 முதல் 5 கிலோ எடையுடன், சில நேரம் 9 கிலோவும் தாண்டி, பிறந்த ஆற்றுக்கே முட்டையிட வருகிறது. கோடையில் வரும் கூட்டம் வேறு, குளிர்காலத்தில் வரும் கூட்டம் வேறு. இங்கே சொல்வது குளிர்காலக் கூட்டத்துக்கு. எடுத்துக்காட்டுக்கு வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் தீபகற்பம்: ஃபோர்க்ஸ் என்ற சிற்றூரைச் சுற்றி ஹோ, சோல் டக், போகசீல், கலவா என்று நான்கு ஆறுகள். சியாட்டிலிலிருந்து காரில் கிட்டத்தட்ட நாலு மணி நேரம். முறை தெரிந்துவிட்டால் ஓரிகனிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் இதையே கையாளலாம்.

எந்த மாதம்

பொரிப்பகத்தில் வளர்த்து விட்ட மீன்கள் முந்தி வரும். போகசீல் பொரிப்பகத்துக்குத் திரும்பும் கூட்டம் நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர், ஜனவரியில் முடிந்துவிடும். இயற்கையாகப் பிறந்த மீன்கள் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. பெரிய மீன் வேண்டுமென்றால் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் வரை. மீனை வீட்டுக்குக் கொண்டுபோக ஆசை என்றால் டிசம்பர், அதுவும் பொரிப்பகத்துக்குக் கீழே. இந்த ஆறுகளில் இயற்கை மீனை வைத்துக்கொள்ள 2016 முதல் தடை. ஜனவரியில் சூரியன் எட்டு மணிக்குத்தான் எழும், ஐந்துக்குள் இருட்டிவிடும். ஒரு நாளுக்கு மூன்று இடத்துக்கு மேல் திட்டத்தில் வைக்காதீர்கள்.

விடுதியை ரத்து செய்ய முடிகிற கட்டணத்தில் எடுங்கள். அலுவலகத்தில் மூன்று நாளைக் குறிப்பிட்டுக் கேட்காமல், பத்து நாள் இடைவெளிக்குள் எந்த மூன்று நாளானாலும் சரி என்று பேசி வையுங்கள். இது முடியாதவர்கள் ஆற்றை மாற்றிக்கொள்ளும் வசதியை வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு வழி கீழே.

கன அடிக் கணக்கு

மேட்டூர் அணைச் செய்தி கேட்டு வளர்ந்தவர்களுக்கு விநாடிக்கு இத்தனை கன அடி என்பது புதிதல்ல. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையான யு.எஸ்.ஜி.எஸ். இதே அலகில்தான் ஆற்றோட்டத்தை அளந்து இணையத்தில் தருகிறது. ஹோ ஆற்றுக்கு 101-ஆம் நெடுஞ்சாலைப் பாலத்தருகே ஓர் அளவி, கலவாவுக்கு ஃபோர்க்ஸ் அருகே ஒன்று. நாள்கணக்கில் பழைய எண்களும் அங்கேயே கிடைக்கும்.

முதல் வேலை, அந்த ஆற்றுக்கு ஏற்ற வரம்பைக் கண்டுபிடிப்பது. கடந்த நாலைந்து பருவங்களில் கடைக்காரர்களும் வழிகாட்டிகளும் எழுதிய மீன்பிடி அறிக்கைகளைத் தேடுங்கள். 'நன்றாக இருந்தது' என்று சொன்ன தேதிகளை எடுத்து, அந்தந்த நாளின் கன அடியை எதிரே எழுதுங்கள். 'கலங்கல்', 'தண்ணீர் குறைவு' என்ற நாள்களுக்கும் அப்படியே. பத்துப் பதினைந்து வரி சேர்ந்ததும் மேல் எல்லையும் கீழ் எல்லையும் தானாகத் தெரியும். இந்த ஒரு தாள் கையில் இருந்தால் பயணத்தில் பாதி முடிந்த மாதிரி.

இதில் பலர் வழுக்குவது அடிக்கணக்கில். அளவி இரண்டு எண் காட்டும்: மட்டம் அடியில், ஓட்டம் கன அடியில். ஹோ போன்ற சரளை ஆறு ஒவ்வொரு வெள்ளத்திலும் தன் படுகையை அரித்து மாற்றிக்கொள்ளும். ஐந்து ஆண்டுக்கு முன் யாரோ சொன்ன 'இத்தனை அடி இருந்தால் போ' இன்றைக்குப் பொருந்தாது. கன அடியையே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எண்ணைவிட முக்கியம், ஓட்ட வரைபடத்தின் கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது. ஏறும் தண்ணீரில் குப்பையும் மரமும் மிதந்து வரும், மீனும் நிற்காமல் நகரும். உச்சத்தில் போய்ப் பயனில்லை. இறங்கத் தொடங்கிய முதல் நாள் மீன் கரையோரம் ஒதுங்கி நிற்கும். பாதத்திலிருந்து இரண்டு மூன்று மீட்டருக்குள் போட வேண்டும். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரைதான் நாம் காத்திருக்கும் காலம்: நீர் பச்சை நிறம் கொண்டு, ஒன்றிலிருந்து ஒன்றரை மீட்டர் ஆழம் வரை கண்ணுக்குத் தெரியும். அதற்குப் பிறகு மழை இல்லாமல் வாரக்கணக்கில் போனால் தண்ணீர் கண்ணாடி போலாகி மீன் மிரளும்.

எல்லா ஆறும் ஒரே வேகத்தில் தெளிவதில்லை. சிறிய ஆறும் பாறைப் படுகை ஆறும் முந்தும். சோல் டக் அப்படி. ஹோ ஒலிம்பஸ் மலையின் பனிப்பாறைகளிலிருந்து வருவது. களிமண் சரிவுகள் வேறு. அது கடைசியில்தான் தெளியும். ஆனால் வானம் வெளுத்து நல்ல குளிர் அடித்தால் பனி உருகுவது நின்று ஹோ அழகான நீலப்பச்சைக்கு வரும். அந்த நேரம் சின்ன ஆறுகள் வற்றிப்போயிருக்கும்.

வானிலை முன்னறிவிப்பில் மழை அளவை மட்டும் பார்க்காதீர்கள், உறைநிலை உயரத்தையும் பாருங்கள். ஒலிம்பஸ் சிகரம் ஏறக்குறைய 8,000 அடி. உறைநிலை 1,500 அடியில் இருந்தால் மலை மேல் விழுவது பனியாகத் தங்கிவிடும், ஆறு கொஞ்சம்தான் ஏறும். அதே மழை உறைநிலை 7,000 அடியில் இருக்கும்போது பெய்தால் ஏற்கெனவே கிடந்த பனியையும் கரைத்துக்கொண்டு மொத்தமாக இறங்கும். ஹவாய்ப் பக்கமிருந்து வரும் வெதுவெதுப்பான மழைக்கு அங்கே 'பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்' என்று பெயர். அது வருகிறதென்றால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். போர்ட்லண்டில் உள்ள வடமேற்கு ஆற்று முன்னறிவிப்பு மையம் வரும் பத்து நாளுக்கான ஓட்டக் கணிப்பை வெளியிடுகிறது. முதல் மூன்று நாள் கணிப்பை நம்பலாம், அதற்கு மேல் திசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே ஒரு ஆறு போதாது, மூன்று வேண்டும். மனசுக்குப் பிடித்தது ஒன்று. சீக்கிரம் தெளிகிற சிற்றாறு ஒன்று. எல்லாமே கலங்கிவிட்டால் போக, அணைக்குக் கீழே ஓடும் ஆறு ஒன்று. வாஷிங்டனில் கௌலிட்ஸ் அப்படிப்பட்டது: மேலே அணைகள் வண்டலைத் தேக்கிவிடும், பொரிப்பக மீனும் உண்டு. அங்கேயும் டூட்டில் ஆறு வந்து சேரும் இடத்துக்கு மேலேயே நில்லுங்கள். 1980-இல் வெடித்த செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையின் சாம்பல் வண்டலை டூட்டில் இன்றும் அரித்துக் கொண்டுவந்து கொட்டுகிறது.

வரைபடத்தில் நடப்பது

செயற்கைக்கோள் படத்தில் ஆற்றை முகத்துவாரத்திலிருந்து மேலே ஒரு தடவை முழுக்க உருட்டிப் பாருங்கள். கூகுள் எர்த்தில் பழைய படங்களையும் எடுக்கலாம். ஆகஸ்ட், செப்டம்பரில் எடுத்ததைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீர் குறைவான அந்தப் படத்தில்தான் குளிர்காலத்தில் மூழ்கிக் கிடக்கும் பாறைகளும் மடுக்களும் தெரியும். மிகச் சமீபத்திய கோடைப் படமாக இருக்கட்டும். ஹோவில் முந்தின ஆண்டு மணல்திட்டு இந்த ஆண்டு மறுகரையில் இருக்கலாம்.

தேட வேண்டியது, மனிதன் சாதாரணமாக நடக்கும் வேகத்தில் ஓடும் நீர், ஆழம் ஒன்று முதல் இரண்டு மீட்டர், அடியில் கால்பந்து அளவிலிருந்து பெரிய கற்கள். நீர் அசையாமல் நிற்கும் ஆழமான கயம் பார்வைக்கு ஆசை காட்டும்; குளிர்கால மீன் அங்கே குறைவு. வேகமான ஓட்டம் முடிந்து மடு தொடங்கும் இடமும், மடு ஆழம் குறைந்து மறுபடி வேகமெடுக்கும் வால் பகுதியும்தான் முக்கியம். நீண்ட வேகப் பாய்ச்சலை ஏறி வந்த மீன் அதற்கு மேலே உள்ள முதல் மடுவின் வாலில் இளைப்பாறும். துணையாறு வந்து கலக்கும் இடத்தையும் குறியுங்கள்: பெரிய ஆறு கலங்கியிருக்கும்போது துணையாற்றின் தெளிந்த நீர் ஒரு பட்டையாகக் கரையோரம் ஓடும், மீன் அந்தப் பட்டைக்குள் நிற்கும்.

குறித்த இடங்களுக்கு யாருடைய நிலம் வழியாகப் போக வேண்டும் என்பதைச் சரிபாருங்கள். வாஷிங்டன் மீன்வளத் துறை பொது இறங்குதுறைகளின் பட்டியல் வைத்திருக்கிறது. மற்றவை தனியார் நிலம், மரக் கம்பெனி நிலம், மாநில வனம், தேசியப் பூங்கா, பழங்குடியினருக்கு ஒதுக்கிய நிலம் என்று கலந்து கிடக்கும். நில உரிமை காட்டும் செயலி ஒன்றுக்குப் பணம் கட்டுவது இங்கே வீணில்லை. ஹோவின் முகத்துவாரத்தில் ஹோ பழங்குடியினரின் ஒதுக்கீட்டு நிலம், குயிலயூட் ஆறு கடலில் சேரும் லா புஷ் குயிலியூட் மக்களுடையது. குவினால்ட் ஏரிக்குக் கீழே குவினால்ட் ஆற்றில், குவினால்ட் இனத்து வழிகாட்டி இல்லாமல் தூண்டில் போடவே முடியாது. 1974-இல் நீதிபதி போல்ட் தந்த தீர்ப்புக்குப் பின், பிடிக்கத் தக்க மீனில் பாதி அமெரிக்க அரசோடு ஒப்பந்தம் செய்த பழங்குடிகளுக்கு உரியது. கீழாற்றில் அவர்கள் வலை போடும் கிழமைகளைக் கேட்டு வையுங்கள்; வலை இல்லாத நாள்களில் நுழைந்த கூட்டம் ஓரிரு நாளில் மேலே வந்து சேரும்.

விதி

ஆண்டுப் புத்தகத்தை மட்டும் படித்துவிட்டுப் போகாதீர்கள். வாஷிங்டனின் விதிப்புத்தகம் ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. அவசர அறிவிப்பு வந்தால் அதுதான் செல்லும். 2020 டிசம்பரில் கடற்கரை ஆறுகளில் படகில் இருந்தபடி தூண்டில் போடுவதையும் உயிரிரை, மீன்சினை போன்றவற்றையும் தடைசெய்தார்கள். 2022-இல் மார்ச் 1-ஆம் தேதியே பருவத்தை மூடினார்கள். கிளம்பும் முந்தின இரவும், போய்ச் சேர்ந்த பின் ஒவ்வொரு காலையும் துறையின் தளத்தைப் பாருங்கள்.

நன்னீர் உரிமமும் பிடித்த மீனைப் பதியும் அட்டையும் வேண்டும். ஒலிம்பிக் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் விதிகள் தனி. ஹோவின் மேல்பகுதி அதில் அடங்கும். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே உள்ள சின்னக் கொழுப்புத் துடுப்பு வெட்டப்பட்டு, தழும்பு ஆறியிருந்தால் பொரிப்பக மீன். அந்தத் துடுப்பு இருந்தால் விட்டுவிட வேண்டும், விட வேண்டிய ஸ்டீல்ஹெட்டைத் தண்ணீரை விட்டு முழுக்கத் தூக்குவதே வாஷிங்டனில் குற்றம். தூண்டில் முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சின்ன எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். ஸ்பூனில் (மீன் போல மின்னி ஆடும் உலோகத் தகடு) மூன்று முள் கொத்து வந்திருந்தால் கழற்றி, 1 முதல் 2/0 அளவில் ஒற்றை முள் மாட்டுங்கள்.

கடையில் கேட்பது

உள்ளூர்க் கடைக்காரரிடம் 'மீன் எங்கே நிற்கிறது' என்று கேட்டால் எல்லாருக்கும் சொல்லும் பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: அளவி எத்தனை காட்டினால் நீங்கள் போவீர்கள்? எந்தத் துணையாறு முதலில் சேறு கொண்டுவரும்? கடந்த வெள்ளத்தில் எந்த இறங்குதுறை அடைபட்டது? எந்த வனச்சாலையில் வாயிற்கதவு பூட்டியிருக்கிறது? வீட்டுப்பாடம் செய்துவிட்டு வந்த ஆள் என்று தெரிந்தால் பேச்சு நீளும். பத்து டாலருக்காவது சாமான் வாங்குங்கள், அது மரியாதை.

பணம் இடம் கொடுத்தால் முதல் நாளுக்கு உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரைப் பிடிப்பது நல்லது, கடைசி நாளுக்கு அல்ல. முதல் நாள் அவர் காட்டியதை அடுத்த இரண்டு நாள் கரையிலிருந்து நீங்களே செய்யலாம். சொந்தமாகப் படகு ஓட்டும் எண்ணம் இருந்தால், தெரியாத ஆற்றில் அதை விட்டுவிடுங்கள். வளைவு திரும்பியதும் ஆறு முழுக்க அடைத்துக் கிடக்கும் மரங்களை எந்த வரைபடமும் காட்டாது. சோல் டக்கின் பாறைப் பாய்ச்சல்கள் பழகிய கைக்கே சிரமம்.

எடுத்துப் போக வேண்டியவை

எல்லா முறையையும் மூட்டை கட்ட வேண்டாம். இரண்டு போதும்: தண்ணீர் தெளிந்தால் தக்கை, கொஞ்சம் கலங்கினால் ஸ்பூன்.

தக்கைக்கு 10 முதல் 10½ அடிக் கம்பு, 30 பவுண்டு தாங்கும் பின்னல் தூண்டில் நரம்பு, அதன் முனையில் 10 அல்லது 12 பவுண்டு ஃப்ளூரோகார்பன் (நீரில் அதிகம் தெரியாத நரம்பு) 60 முதல் 90 செ.மீ. நுனியில் 3.5 முதல் 7 கிராம் ஜிக் (எடைத்தலை வைத்த முள்), இளஞ்சிவப்பு, கருஞ்சிவப்பு, ஊதா–கறுப்பு மூன்று நிறம் போதும். தக்கையும் ஈயமும் பொருந்த வேண்டும். தக்கை பெரிதாகி ஈயம் குறைந்தால் மீன் வாய் வைத்துத் துப்புவதே தெரியாது. தக்கையின் தலை மட்டும் நீருக்கு மேல் நிற்கும்படி ஈயம் சேருங்கள்.

ஸ்பூனுக்கு 9 அடிக் கம்பு, 12 பவுண்டு ஒற்றை நரம்பு, 11 கிராமிலும் 19 கிராமிலும் ஸ்பூன்கள், வெள்ளியும் செம்பும். ஒவ்வொன்றிலும் குறைந்தது ஆறு ஸ்பூன் இருக்கட்டும். கல்லில் சிக்கி அறுவது தினக்கூலி மாதிரி, கட்டாயம் உண்டு. இரண்டு கையால் வீசும் ஈக்கம்பு (பூச்சி போன்ற செயற்கை இரைக்கான கம்பு) பிரியர்கள் 13 அடி, 7 அல்லது 8 எண் கம்பும், 550 கிரெயின் எடையில் ஸ்காஜிட் தலையும் (வீச்சுக்கு எடை தரும் தடித்த நரம்பு), 10 அடி நீளத்தில் டி-8, டி-11, டி-14 மூழ்கு முனைகளும் (எண் கூடக்கூட வேகமாக மூழ்கும்) கொண்டுபோனால் எல்லா ஆழத்துக்கும் சரியாகும்.

முடிச்சில்லாத ரப்பர் கைவலை, வெப்பமானி, இடுப்புப் பட்டையோடு வேடர் (நெஞ்சு வரை வரும் நீர்புகா உடை), ஆணி பதித்த அடியுள்ள காலணி, ஊன்றுகோல், முழு மாற்றுடை ஒன்று நீர்புகாப் பையில். உறைபனிக் காலையில் கம்பின் வளையங்களில் பனிக்கட்டி அடைத்து நரம்பை அறுக்கும். வளையங்களை நீரில் முக்கிக் கரையுங்கள், உடைக்காதீர்கள்.

ஆற்றில்

முதலில் வெப்பமானி. 4 டிகிரி செல்சியசுக்குக் கீழே மீன் சோம்பும்: இரை அதன் மூக்குக்கு நேரே, மெதுவாக, அடியை ஒட்டிப் போக வேண்டும், மெதுவான, ஆழமான ஓட்டங்களைப் பாருங்கள். 6 முதல் 10 டிகிரி என்றால் ஸ்பூனைத் துரத்தி வந்து கடிக்கும், மடுவின் தலைப்பகுதியையும் வாலையும் தேடலாம். காலையில் 3 டிகிரி, பிற்பகலில் 5 என்றால் மீன் பிற்பகலில்தான் அசையும். அப்படிப்பட்ட நாளில் இருட்டில் எழுந்து ஓட வேண்டியதில்லை.

தண்ணீருக்குள் இறங்குமுன் கரையிலிருந்தே ஓரத்தைத் தூண்டிலால் அலசுங்கள். புதியவர்கள் முதலில் முழங்கால் வரை இறங்கி, மீன் நிற்கும் இடத்திலேயே நின்றுகொண்டு எதிர்க்கரைக்கு வீசுகிறார்கள். அருகிலிருந்து தொடங்கி, வீச்சுக்கு வீச்சு ஒரு மீட்டர் தள்ளிப் போங்கள். முழு அகலமும் முடிந்ததும் நாலைந்து அடி கீழே நகருங்கள்.

தக்கையின் ஆழத்தை இப்படி அமையுங்கள்: ஜிக் அடியில் தட்டித் தக்கை துள்ளும் வரை நீளம் கூட்டுங்கள், பிறகு 30 செ.மீ. குறையுங்கள். ஒவ்வொரு புது ஓட்டத்திலும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். காலையில் வைத்த ஆழத்தை மாலை வரை மாற்றாதவர்தான் மீன் இல்லை என்று சொல்லிக்கொண்டு போவார். தக்கை மேல்நீரைவிடச் சற்று மெதுவாகப் போகட்டும். நரம்பு வளைந்து அதை இழுத்தால் நரம்பைத் தூக்கி மேலோட்டப் பக்கம் போடுங்கள். தக்கை மூழ்கினால் உடனே இழுக்கலாம். ஸ்பூன் குறுக்காக ஆடி வரும்போது கடி விழுந்தால் அவசரப்படக் கூடாது: மீன் திரும்பி ரீலிலிருந்து நரம்பை எடுக்கத் தொடங்கிய பிறகு கம்பைக் கரைப்பக்கம் சாயுங்கள்.

ஒரு ஓட்டத்துக்கு அரை மணி நேரம். நல்ல இடம் போலத் தோன்றி ஒன்றும் நடக்கவில்லை என்றால் நிறத்தையோ அளவையோ மாற்றி ஒரே ஒரு தடவை மறுபடி போட்டுவிட்டு நகருங்கள். முதல் நாள் தேடுவதற்கு. மீன் கடித்த இடத்துக்கும் பார்த்த இடத்துக்கும் இரண்டாம் நாள் அதே நேரத்தில் திரும்பிப் போங்கள். கூட்டம் வந்து தங்கும் இடம் தண்ணீர் அதே அளவில் இருக்கும் வரை மாறாது.

பிப்ரவரிக்குப் பின் ஆழமில்லாத சரளையில், சுற்றியுள்ள கற்கள் பாசி பிடித்திருக்க, ஒரு கட்டில் அளவு இடம் மட்டும் துடைத்தது போல வெளுத்திருந்தால் அது முட்டையிட்ட குழி. அதன் மேல் நடக்கவும் கூடாது, அங்கே நிற்கும் மீனுக்குத் தூண்டில் போடவும் கூடாது.

ஆற்றைக் கடக்கும்போது முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருந்து, காலணி கண்ணுக்குத் தெரியாவிட்டால் கடக்காதீர்கள். பக்கவாட்டில் நின்று, மேலோட்டத்துக்கு எதிரே கோலை ஊன்றி, ஒரு காலை நகர்த்தி நிலைத்த பிறகே மறு கால். விழுந்துவிட்டால் மல்லாந்து, கால் கீழோட்டத்தைப் பார்க்க, பாதத்தை மேலே தூக்கி மிதந்து ஓரம் சேருங்கள். ஓடும் நீரில் எழுந்து நிற்கப் பார்த்தால் பாதம் கல்லிடுக்கில் மாட்டும். 5 டிகிரித் தண்ணீரில் நனைந்த ஆளுக்குக் கை விரல்கள் சில நிமிடங்களில் வேலை செய்யாது. ஹோ பள்ளத்தாக்கில் பெரும்பகுதிக்குக் கைப்பேசிச் சிக்னல் இல்லை. எந்தத் துறையில் இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்கு வெளியே வருவீர்கள் என்று விடுதியில் சொல்லிவிட்டுப் போங்கள். ஒதுக்குப்புறத்தில் நிறுத்திய காரில் பையும் மடிக்கணினியும் தெரியும்படி வைக்க வேண்டாம், கண்ணாடி உடைபடும்.

ஒவ்வொரு மாலையும் கன அடி, ஏற்றமா இறக்கமா, வெப்பம், எத்தனை ஆழம் தெரிந்தது, எந்த இடத்தில் என்ன நடந்தது என்று நாலு வரி எழுதி வையுங்கள். மீன் படாத இடங்களையும் சேர்த்து. அடுத்த முறை அந்தத் தாளில் நீங்கள் எழுதிய வரிகள் மற்றவர்களின் அறிக்கையைவிடப் பயன்படும். வேடரையும் காலணியையும் வேறோர் ஆற்றுக்கு எடுத்துப் போகுமுன் சேறு போகக் கழுவி, தண்ணீர் வடித்து, முழுக்கக் காயவிடுங்கள். ஆறுகளைக் கெடுக்கும் நியூசிலாந்துச் சேற்று நத்தை ஈரக் காலணியில் பயணம் செய்யும்.